சாட்சி இல்லாத செய்தி

தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கப்பெற்ற ஞானக்கவி பீர் முகம்மது அப்பா அவர்களின் வரலாற்றை எழுத விழையும் மாணவர், இன்று முதலில் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியை வினவக்கூடும். நொடியில் விடை கிட்டும். ஆண்டும், ஆதார நூலின் பெயரும்கூடக் கிட்டும். அந்நூல் உலகில் இல்லாததாகவும் இருக்கலாம். ஏனெனில், அடுத்த சொல் எதுவாகலாம் எனக் கணிப்பதே அச்செயலியின் அடிப்படை. உண்மையைக் கண்டறிந்து உரைப்பதன்று.

செய்தி எத்துணை இனியதாயினும், ‘அறிவித்தவர் யார்? அவருக்கு அறிவித்தவர் யார்?’ என்று வினவியவர்கள் ஹதீஸ் கலை வல்லுநர்கள். ஹிஜ்ரி 256இல் (கி.பி. 870) மறைந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தே தம் நூலைத் தொகுத்தார்கள். நம்பத்தகாதவர் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு திருமறையின் 49ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. செயலி கூறும் விடைக்கோ அத்தகைய தொடர் இல்லை.

ஆதலின் அதனை அறவே விலக்க வேண்டுவதில்லை; வழிகாட்டியாகக் கொள்க, சாட்சியாகக் கொள்ளற்க. எங்கே தேடலாம் என்று அதனிடம் கேட்கலாம். தேடும் பணி நம்முடையதே. அப்பா அவர்களை அறிய ‘ஞானப்புகழ்ச்சி’ முதலிய அவர்தம் பாடல்களையும், ஊரை அறியத் தென்காசி, குற்றாலக் கோயில்களின் கல்வெட்டுகளையும் நேரே பயிலுதல் வேண்டும்.

பிழையான ஓர் ஆண்டு இன்று விழா மலரில் அச்சேறினால், நாளை அதுவே ஆதாரமாகும். செயலியும் அதனையே கற்று நமக்குத் திரும்ப உரைக்கும். முன்னோர் வரலாறு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பழுதின்றி அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடன்.