50 வெள்ளியில் ஒரு மளிகை அலமாரி

மஞ்சள்தூள் தீர்ந்துவிட்டது என்று நினைத்துத் தேக்காவில் ஒரு பாக்கெட் வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்து அலமாரியைத் துழாவினால், ரப்பர் பேண்ட் போட்ட இரண்டு பாக்கெட்டுகள் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில், போன தீபாவளிக்கு வாங்கிய அரிசி மாவு. உங்கள் வீட்டிலும் இந்தக் கதை உண்டுதானே?

காலை நிகழ்ச்சியில் ஒருநாள், “உங்கள் சமையலறையில் இருக்கும் ஆகப் பழைய பொருள் எது?” என்று கேட்டேன். வந்த குறுஞ்செய்திகளைப் படித்து முடிக்க இரண்டு பாட்டு நேரம் போதவில்லை! பெருங்காயம், கசகசா, யாரோ பரிசுக்கூடையில் கொடுத்த டின் நத்தை... பட்டியல் நீண்டது.

2023ல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 755,000 டன் என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். உணவகம், கடை, தொழிற்சாலை, வீடு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. இதில் நம் வீட்டுப் பங்கு எவ்வளவோ, அது நாம் காசு கொடுத்து வாங்கியது.

அலமாரியை மாற்றியமைக்கலாம் என்று யூடியூப் பக்கம் போனால் தலை சுற்றுகிறது. ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகள், மூங்கில் மூடிகள், அச்சடித்த பெயர்த்தாள்கள். கூட்டிப் பார்த்தால் சில நூறு வெள்ளி. எங்கள் நாலறை வீட்டுக்கு நான் போட்ட உச்சவரம்பு 50 வெள்ளி.

முதல் நாள்: செலவு இல்லை

எல்லாவற்றையும் வெளியே எடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள். மூன்று குவியல் போதும்: தூக்கிப் போட வேண்டியது, இந்த மாதமே தீர்க்க வேண்டியது, வைத்துக்கொள்ள வேண்டியது.

தேதியைப் பார்க்கும்போது ஒரு விஷயம். ‘யூஸ் பை’ என்று போட்டிருந்தால் அது பாதுகாப்பு பற்றியது. அந்தத் தேதிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரம் பற்றியது. பிரிக்காமல், ஈரம் படாமல் இருந்த பருப்பு அந்தத் தேதியைக் கொஞ்சம் தாண்டினாலும் உடனே குப்பைக்குப் போக வேண்டியதில்லை. வாசனை, நிறம், பூச்சி மூன்றையும் பார்த்து முடிவு செய்யலாம்.

இரண்டாவது குவியல்தான் லாபம். அடுத்த வாரச் சமையலை அதிலிருந்தே திட்டமிடுங்கள். கடையில் காய்கறி, மீன், பால் மட்டும் வாங்கினால், அந்த ஒரு வாரத்தில் மிஞ்சும் காசே 50 வெள்ளியில் பெரும்பகுதியைத் தந்துவிடும்.

காலியான தட்டுகளைத் துடைத்துவிட்டு அளவெடுங்கள். அகலம், உயரம், ஆழம் மூன்றையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அளவு தெரியாமல் வாங்கும் டப்பாக்கள்தான் பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கின்றன.

47 வெள்ளிப் பட்டியல்

அரிசி, கோதுமை மாவு, பருப்பு, சீனிக்கு இறுக்கமாக மூடும் பெரிய டப்பா 4: 20 வெள்ளி. கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கூடை 5: 11 வெள்ளி. எண்ணெய், சாஸ் போத்தல்களுக்குச் சுழலும் தட்டு 1: 5 வெள்ளி. ஆள் வந்தால் தானாக எரியும், ஒட்டும் விளக்கு 1: 7 வெள்ளி. ஒட்டும் தாளும் தடித்த பேனாவும் 4 வெள்ளி. மிச்சம் 3 வெள்ளியில் கீழே காப்பிக்கடையில் இருவருக்குத் தே.

சிறிய சாமான்களுக்கு ஜாடி வாங்கவே வேண்டாம். காப்பித்தூள், ஊறுகாய், ஜாம் போத்தல்களைச் சுடுநீரில் கழுவிக்கொள்ளுங்கள். ஊறுகாய் வாசனை போகாத மூடியைச் சமையல் சோடா கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைக்கலாம். முழுக்கக் காய்ந்த பிறகே எதையும் நிரப்ப வேண்டும்.

கூடைகளை எப்படிப் பிரிப்பது? சமைக்கும் முறைப்படி. காலையில் தேவைப்படும் காப்பி, மைலோ, ஓட்ஸ் ஒரு கூடை. சாம்பார், ரசத்துக்கான புளி, தூள் வகைகள் ஒரு கூடை. மீ கோரேங், நாசி லெமாக் செய்யும் நாளுக்கான சாமான் ஒரு கூடை. பலகாரச் சாமான் ஒரு கூடை. ஐந்தாவது, சீக்கிரம் தீர்க்க வேண்டியவைக்கு. அது எப்போதும் கண்ணெதிரே இருக்கட்டும். புதிதாக வாங்குவது பின்னால், பழையது முன்னால்.

ஈரமும் வண்டும்

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பிரித்த பாக்கெட்டை மடித்து வைத்தால் இரண்டே வாரத்தில் ரவை கட்டி தட்டிவிடும். மசாலாத் தூளை அடுப்புக்கு மேல் உள்ள தட்டில் வைக்காதீர்கள். சூடும் ஆவியும் மணத்தைக் குறைத்துவிடும். வெங்காயம், உருளைக்கிழங்கை டப்பாவில் அடைக்காமல் காற்றுப்பட வையுங்கள்.

அரிசியில் வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போடுவது நம் பாட்டிமார் வழக்கம். வெளியிலிருந்து வரும் வண்டுக்கு அது தடையாகலாம். ஆனால், அரிசி வண்டு தானியத்துக்கு உள்ளேயே முட்டையிடும். கடையிலிருந்தே முட்டை வந்திருந்தால் இலை என்ன செய்யும்? மாவு, ரவை, பருப்பை வாங்கியதும் காற்றுப்புகாத பையில் போட்டு, உறைபெட்டியில் 4 நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல், குளிர் முழுதும் தணிந்த பிறகு டப்பாவில் கொட்டினால் ஈரம் கோத்துக்கொள்ளாது.

புதிய வீவக வீடுகளில் பலருக்குப் பாம் ஷெல்டர்தான் மளிகை அறை. அதன் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போட முடியாது. குடிமைத் தற்காப்புப் படையின் விதிமுறைகள் இருக்கின்றன. தரையில் தானாக நிற்கும் அடுக்கு வாங்கினால் அந்தத் தொல்லையே இல்லை. காற்றுத் துளைகளை மறைக்காமல் வையுங்கள்.

யாருக்கு எட்ட வேண்டும்?

இதுவரை சொன்னது சாமான்களைப் பற்றி. ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் வலி வந்த பிறகு முக்காலியில் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அன்று முதல், “தம்பி, அந்தப் புளியை எடுத்துக் குடு”, “கடுகு டப்பாவை எடுத்துக் குடு” என்று ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டியதாயிற்று. வீட்டில் யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், எட்டுகிற சாமானை மட்டும் வைத்துச் சமைத்திருக்கிறார். நாற்பது வருடம் தன் கையில் வைத்திருந்த சமையலறை அது.

அதனால், எது எங்கே இருக்க வேண்டும் என்பதை இந்த முறை அம்மாவே முடிவு செய்தார். தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில். அரிசி, எண்ணெய் போன்ற கனமானவை அதற்குச் சற்றுக் கீழே. ஆக மேல்தட்டில் காகிதத் தட்டு, காலி டப்பா போன்ற எடையில்லாத பொருள்கள் மட்டும். பெயர்த்தாளில் பெரிய தமிழ் எழுத்து. பணிப்பெண் உள்ள வீடுகளில் அவருக்குப் புரியும் மொழியிலும் எழுதுங்கள். அல்லது உள்ளே இருப்பது தெரியும் டப்பாவாக வாங்குங்கள்.

அந்த 7 வெள்ளி விளக்கு, விடிகாலை நிகழ்ச்சிக்கு இருட்டில் கிளம்பும் எனக்காக வாங்கியது. அதிகம் பயன்படுத்துவது அம்மாதான். போன வாரம் வேலை முடிந்து வந்தபோது, மேசையில் வத்தக்குழம்பு இருந்தது. யாரையும் எதுவும் எடுத்துத் தரச் சொல்லாமல் வைத்த குழம்பு.

முழு அலமாரியையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். இந்த வார இறுதியில் ஒரு தட்டை மட்டும் காலி செய்யுங்கள். அடுக்கி முடித்ததும், வீட்டிலேயே ஆக மூத்தவரையும் ஆகக் குட்டையானவரையும் கூப்பிட்டு, “எட்டுதா? எழுத்துத் தெரியுதா?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பார்த்து அடுத்த தட்டைத் தொடங்கலாம்.