பழங்கடிதமும் இளமாணவரும்

மன்னர்களின் வெற்றியையும் கொடையையும் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் உரைக்கின்றன. ஆயின், நம் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு மகிழ்ந்தனர், எதற்கு வருந்தினர் என்பவற்றை அறிதற்குக் கடிதங்களைப்போல் துணைபுரிவன சிலவே. கடிதம் ஒருவர் மற்றொருவர்க்கென எழுதுவது. ஊரார் படிப்பர் என்னும் எண்ணம் அதில் இன்மையால் ஒப்பனையும் குறைவு.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தார். சி. வை. தாமோதரம் பிள்ளை முதலிய தமிழறிஞர்களும், பாரிசு நகரத்துப் பேராசிரியர் சூலியன் வின்சோன் போன்ற அயல்நாட்டாரும் அவருக்கு எழுதினர். வின்சோன் தமிழிலேயே எழுதினார் என்பது கருதத்தக்கது. அக்கடிதங்களுள் 1877 முதல் 1900 வரையிலானவை 2018ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய காலத்துப் புலவர்கள் பட்ட பாட்டை அவற்றால் நாம் அறிகின்றோம். அவர் அவற்றைக் குப்பையென எறிந்திருப்பின், அவ்வரலாற்றின் ஒரு பகுதியும் உடன் மறைந்திருக்கும்.

பேணி வைத்தவையும் என்றும் நிலைப்பன அல்ல. கறையானும் ஈரமும் தாளை அரிக்கின்றன. சிலபோது மனிதர் கையாலேயே அழிவு நேர்கின்றது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, மீண்டும் பெறவியலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது எப்போதும் இடருக்கு உரியதே. இதனாலேயே இந்நாளில் நூலகங்கள் பழைய ஆவணங்களை மின்படமாக்கிக் கணினியில் காக்கின்றன. கல்லூரி மாணவர் பலர் சில வாரமோ சில திங்களோ இப்பணியில் பயிற்சி பெறுகின்றனர்.

“படம் பிடித்துவிட்டாற் போதும், பெயரும் நாளும் குறிக்கும் எழுத்தர் வேலை மாணவர்க்கு எதற்கு?” என்று வினவுவார் உளர். இவ்வினா பொருந்தாது. பதினாயிரம் படங்கள் கணினியில் இருப்பினும், எக்கடிதம் யார் யாருக்கு எழுதியது, எந்நாளில் எழுதியது, எதைப் பற்றியது என்னும் குறிப்பு இல்லையேல் தேடுவார்க்கு அவை கிடைப்பதில்லை. கிடைக்காத பொருள் இல்லாத பொருளுக்கு நிகர் அன்றோ!

அக்குறிப்பை எழுதுதல் எளிய செயலும் அன்று. பழங்கடிதத்தின் தலைப்பில் ‘உ’ என்று ஓர் எழுத்து இருக்கும். அது பிள்ளையார் சுழி. அதுவே வேறோரிடத்தில் இரண்டு என்னும் எண்ணைக் குறிக்கும். ‘க’ ஒன்றையும், ‘எ’ ஏழையும், ‘அ’ எட்டையும் குறிப்பதும் அவ்வாறே. ஆண்டு, திங்கள், நாள், மேற்படி என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாது எழுதியவரும் பலர். இவற்றையெல்லாம் இடமறிந்து படித்தல் வேண்டும்.

காலத்தை அறுதியிடுதல் இன்னும் அரிது. ஓர் அஞ்சலட்டையில் ‘பிரபவ வருஷம் தை மாதம் 5ஆம் தேதி’ என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். தமிழாண்டு அறுபதும் சுழன்று வருவன. பிரபவ ஆண்டு 1867ஆம் ஆண்டிலும் தொடங்கிற்று. 1927ஆம் ஆண்டிலும் 1987ஆம் ஆண்டிலும் தொடங்கிற்று. இவற்றுள் எது? இந்தியாவில் அஞ்சலட்டை வழக்குக்கு வந்தது 1879ஆம் ஆண்டில்; ஆதலின் முதலாவது பொருந்தாது. அட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையுருவம் காணப்படின் மூன்றாவதும் நீங்கும். எஞ்சுவது 1927. அதனையே குறித்துவிடலாமோ எனின், அதுவும் பிழையாம். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால், அதன் தைத் திங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் அமையும். ஆகவே அவ்வட்டை 1928ஆம் ஆண்டு சனவரியில் எழுதப்பட்டது. அஞ்சல் முத்திரை தெளிவாக இருப்பின் அதனோடும் ஒப்பிட்டு உறுதி செய்தல் வேண்டும்.

இவ்வாறு ஒரு நாளைக் காண மாணவர் எத்துணைச் செய்திகளைக் கூட்டி எண்ணுகின்றார்! ஐயுறுதல், சான்று தேடுதல், பொருந்தாதன நீக்குதல், துணிதல் என்னும் ஆராய்ச்சி நெறி முழுவதும் இதில் அடங்கியுள்ளது. தேர்வுக்காக நெட்டுருச் செய்யும் கல்வி இதனைத் தாராது. கணினி கையெழுத்தைப் படிக்கக் கற்றுவரும் இக்காலத்தும், அது படித்தது சரியோ என்று பார்க்க இவ்வறிவு வேண்டும்.

இப்பணிக்குத் திறமையினும் நேர்மை மிக வேண்டுவது. கடிதத்தில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்துதல் ஆகாது. உள்ளவாறே பெயர்த்தல் வேண்டும். தாமாக ஊகித்த நாளைப் பகர அடைப்புக்குள் இட்டு, ஊகம் என்பதைப் புலப்படுத்தல் வேண்டும். விளங்காத இடத்தில் ‘விளங்கவில்லை’ என்று எழுத நாணுதல் கூடாது. துணிந்து எழுதிய பொய்யாண்டு ஒன்று, பின்வரும் ஆராய்ச்சியாளர் நூல்களில் எல்லாம் மெய்யென நுழைந்துவிடும். கடிதங்களில் பிறர் கடனும் பிணியும் குடும்பப் பூசலும் காணப்படலாம். அவற்றை வம்புக்குப் பொருளாக்காது, வெளியிடத் தகுமோ என்பதைப் பொறுப்பாளரிடம் விடுதலே பண்பாகும்.

நிறுவனத்தார்க்கும் கடமை உண்டு. மாணவரைக் கூலியில்லா ஆளாகக் கருதி, நாளொன்றுக்கு இத்தனை கடிதம் என்று விரட்டுதல் தவறு. பிழை மலிந்த ஆயிரம் குறிப்பினும் செம்மையான நூறு குறிப்பு மேலானது. அருகிருந்து கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டும். எழுதியதைச் சரிபார்ப்பவர் ஒருவர் வேண்டும். மின்படம் வந்துவிட்டது என்று மூலக்கடிதத்தை அகற்றுதலும் தகாது. தாளின் தன்மையும் மடிப்பும் மையும் கூறும் சான்றுகளைப் படம் முழுமையாகக் காட்டாது.

மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பழம்பெட்டிகளிலும் இத்தகைய கடிதங்கள் இருக்கலாம். அவற்றைப் பழந்தாள் வாங்குவாரிடம் கொடுக்குமுன், எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டுக் குறித்துவையுங்கள். அதனை அறிந்து கூறுவோர் இன்று உளர், என்றும் இரார்.