வேடிக்கை மேலே, விலை கீழே

2010 மார்ச் 3. ஹைதராபாத் பேகம்பேட்டை விமானக் கண்காட்சி. கடற்படையின் 'சாகர் பவன்' சாகசக் குழுவைச் சேர்ந்த கிரண் ஜெட் ஒன்று, குடியிருப்புப் பகுதியில் ஒரு கட்டிடத்தின் மேல் விழுந்தது. விமானிகள் இருவரும் பலி. கீழே இருந்தவர்களும் காயமடைந்தார்கள்.

கிரண் ரகம் முதன்முதலில் பறந்தது 1964-ல். "பழைய விமானங்களைத் தடை செய்யுங்கள்" என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் வயது மட்டுமா பிரச்சினை?

2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷோரம் கண்காட்சியில், 1955-ல் தயாரான ஹண்டர் ஜெட் விழுந்து 11 பேர் இறந்தார்கள். போதிய உயரத்தை எட்டாமலே குட்டிக்கரணத்தைத் தொடர்ந்ததுதான் முக்கியக் காரணம் என்றது விசாரணை. இறந்த அத்தனை பேரும் மைதானத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையில் இருந்தவர்கள்! அதன்பிறகே அங்கு பழைய ஜெட்டுகள் நிலத்தின் மேல் சாகசம் செய்யக் கட்டுப்பாடு வந்தது.

டிக்கெட் வாங்கியவர் ஆபத்து தெரிந்துதான் வருகிறார். பக்கத்துத் தெருவில் சோறு வடித்துக்கொண்டிருப்பவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

சிவகாசியில் பட்டாசு ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே இடைவெளி வேண்டும் என்கிறது சட்டம். எரிபொருளோடு தலைகீழாகப் பறக்கும் ஜெட்டுக்கும் அதே நியாயம்தானே? புதிதோ பழையதோ, தாராளமாகப் பறக்கட்டும். ஆனால் சாகசம் வீடுகளுக்கு மேல் வேண்டாம்.