கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதா?

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவார் உண்டா என்று கேட்பது எம் முன்னோர் வழக்கம். அன்று அது மூடனுக்குச் சொன்ன அறிவுரை. இன்றோ அதே வியாபாரத்தைச் செய்யுமாறு அறிவின் பெயராலேயே உலகத்துக்குப் போதிக்கின்றனர். வைத்தியசாலைகளின் ஊடுகதிர்ப் பகுதிகளே அந்த வியாபாரத்தின் முதற் சந்தை.

2016ஆம் ஆண்டிலே, செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளுள் ஒருவரான பேராசிரியர் ஜெஃப்ரி ஹின்ரன் ஒரு தீர்க்கதரிசனம் கூறினார். எக்ஸ்றே, ஸ்கான் படங்களைப் பார்த்து நோயறியும் நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை அன்றோடு நிறுத்திவிட வேண்டும். ஐந்தாண்டுகளுள் யந்திரம் அவர்களிலும் நன்றாகப் பார்க்கும். மிஞ்சினால் பத்தாண்டுகள் ஆகலாம் என்றார்.

ஐந்தாண்டுத் தவணை 2021இல் முடிந்தது. நடந்தது என்ன? அமெரிக்காவின் புகழ்பெற்ற மேயோ வைத்திய நிலையத்திலே இந்நிபுணர்களின் தொகை குறையவில்லை. 2016இலிருந்து 2025க்குள் நூற்றுக்கு 55 வீதம் பெருகியது. பிரித்தானியாவில், வேண்டிய நிபுணர்களுள் நூற்றுக்கு 30 பேர் இல்லை என 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஓலமிட்டது. 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே பேராசிரியர், தாம் அன்று அளவுமீறிப் பொதுப்படையாகப் பேசிவிட்டதாக 2025இல் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டது அவருக்குப் பெருமையே. ஆனால், அந்தச் சொல்லுக்கு அஞ்சி இத்துறையை நாடத் தயங்கிய மாணவர்களின் ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

யந்திரத்துக்கு நாம் எதிரிகளல்லோம். 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே றொண்ட்ஜன் கண்ட கதிர் மனித குலத்துக்குக் கிடைத்த பெருங்கொடை. அதற்கு அவர் காப்புரிமை தேடவில்லை. 1901இல் பெற்ற நோபல் பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே வழங்கினார். ஆனால், அவர் விலையின்றித் தந்ததற்குத் தொழில் செய்தோர் விலை கொடுத்தனர். எடிசனின் ஆய்வுகூடத்தில் கண்ணாடி ஊதும் தொழில் செய்த கிளாரன்ஸ் டாலி என்பார், கதிர்க் குழாய்களைத் தம் கைகளை நீட்டியே சோதித்தார். விரல்கள் போயின; கைகள் போயின; 1904இல் உயிரும் போயிற்று. 1936இல் ஹம்பேர்க் நகரிலே ஒரு வைத்தியசாலை வளவில் நினைவுத்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. கதிருக்கு இரையான பல நாட்டு வைத்தியர், படம் பிடிப்போர், தாதியர் ஆகியோரின் பெயர்கள் 150க்கு மேல் அதிலே பொறிக்கப்பட்டன. இன்றைய ஈயக் கவசமும், உடலிற் படும் கதிரை அளக்கும் சிறு பட்டையும் யந்திரம் இரங்கித் தந்தவையல்ல. மனிதர் மாண்ட பின் வந்தவை.

புதிய யந்திரத்தின் நன்மையையும் மறைக்க மாட்டோம். சுவீடன் நாட்டில் 80,000 பெண்களின் மார்பகப் படங்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. ஒவ்வொரு படத்தையும் இருவர் பார்ப்பதற்குப் பதிலாக, யந்திரம் ஐயுற்றவற்றை மாத்திரம் இருவர் பார்த்தனர். ஏனையவற்றை ஒருவர் பார்த்தார். பார்க்கும் வேலை நூற்றுக்கு 44 வீதம் குறைந்தது. கண்டறியப்பட்ட புற்றுநோய் குறையவில்லை. காசநோயைத் தேடும்பொழுது, 15 வயதுக்கு மேற்பட்டோரின் நெஞ்சுப் படங்களை யந்திரத்தால் வாசிக்கலாமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. வாசிக்க ஆளில்லாத ஊர்களுக்கு இது வரப்பிரசாதமே.

அப்படியாயின் எமது வழக்கு என்ன? யந்திரம் உதவியாள் என்ற நிலையை விட்டு எசமானாவதே எமது வழக்கு.

பழைய அனுபவம் ஒன்றைப் பாருங்கள். மார்பகப் படங்களில் ஐயத்துக்குரிய இடங்களைக் குறித்துக் காட்டும் கணினிக் கருவிக்கு அமெரிக்க அரசாங்கம் 1998இல் அனுமதி அளித்தது. அதற்கு மேலதிகக் கட்டணமும் கொடுக்கப்பட்டது. கருவி நாடெங்கும் பரவிற்று. 2015இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று, அக்கருவியால் நோயறியும் திறன் சற்றும் உயரவில்லையெனக் கூறியது. ஆண்டுக்கணக்கிற் பணம் பெற்றவர் பெற்றார். பலன் மாத்திரம் வரவில்லை.

2018இல் வெளியான வேறோர் ஆய்விலே, நிமோனியாவைக் கண்டறியப் பழக்கிய யந்திரம், பழகிய வைத்தியசாலைகளில் நன்றாகத் தேர்ந்தது, வேறிடத்திற் பின்தங்கியது. படம் எந்த வைத்தியசாலையிலிருந்து வந்தது என்பதை அது கண்டுபிடித்திருந்தது! நோயாளர் மிகுந்த இடத்துப் படமெனின் நோயென்று சாய்ந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே ஊர் மாறினால் தடுமாறும் யந்திரத்தை, ஆசிய நாட்டு மக்களின் நெஞ்சுக்கு முன் சோதனையின்றி நிறுத்தலாமா?

மனிதர் மேற்பார்வை செய்வர், அஞ்சற்க என்பார் சிலர். 2023இல் ஜெர்மனியில் 27 நிபுணர்களை வைத்துச் சோதித்தனர். யந்திரம் சரியாகச் சொன்னபொழுது அவர்களும் நூற்றுக்கு 80 வீதமளவில் சரியாகச் சொன்னார்கள். வேண்டுமென்றே அதைப் பிழையாகச் சொல்ல வைத்தபொழுது, அனுபவம் குறைந்தோர் நூற்றுக்கு 20 வீதத்துக்கு வீழ்ந்தனர். நீண்ட அனுபவமுடையோர்கூட நூற்றுக்கு 45 வீதமளவுக்கு இறங்கினர். கண்ணிருந்தும் யந்திரத்தின் வாயைப் பார்த்தனர். இவர்கள் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியையே நிறுத்திவிட்டால், யந்திரத்தின் பிழையைப் பிழையென்று சொல்ல யார் எஞ்சுவார்?

இனித் தொழில் செய்வோரின் வாழ்வைக் கவனிப்போம். முன்னர் பிலிமைக் கழுவுவதற்கு இருட்டறை இருந்தது. மருந்து நெடியில் நின்று கழுவ ஆட்கள் இருந்தனர். கணினிப் படம் வந்தது, இருட்டறை போயிற்று. போகட்டும். ஆனால், மிச்சமான நேரம் யாருக்குச் சேர்ந்தது? முன்னர் ஒரு நெஞ்சுக்கு ஒரு படம். இன்று ஒரு சி.ரீ. ஸ்கானுக்கு நூற்றுக்கணக்கான படங்கள். எட்டு மணி நேர வேலையிலே மூன்று நான்கு விநாடிகளுக்கு ஒரு படம் பார்க்க வேண்டியிருக்கிறதென 2015இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் அமெரிக்காவின் இரவுப் படங்களை இந்தியாவிலிருந்தும் வாசிக்கின்றனர். கடலுக்கு அப்பால் எண்ணிக்கைக்குக் கூலி! நோயாளியின் முகத்தை அவ்வாசகர் என்றுமே காண்பதில்லை.

படம் பிடிப்போரின் வேலையையும் பொத்தானை அமுக்குவதென்று எண்ணிவிடாதீர்கள். இடுப்பெலும்பு முறிந்த கிழவியை நோகாமற் புரட்டுவதும், அழும் குழந்தையை அசையாமல் நிறுத்துவதும், வயிற்றிற் கருவுண்டோ என்று தனியே அழைத்துக் கேட்பதும் அவர்களுடைய வேலை. படம் பிழைத்தால் எந்த மேதையும் அதிலே நோயைக் காண முடியாது.

கமக்காரருக்கு இது புதுக் கதையன்று. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த யாழ்ப்பாணத் தோட்டங்களுக்கு இறைப்பு யந்திரம் வந்தது. துலா மிதித்த கால்கள் ஓய்ந்தன. அதற்காக எவரும் அழவில்லை. ஆனால், எந்தப் பாத்திக்கு எவ்வளவு நீர் என்பதை யந்திரம் அறியாது. தண்ணீர் மாறுகிறவனே அறிவான். அளவறியாமல் இறைத்த இடங்களிலே கிணறுகள் உவரானதையும் நாம் கண்டோம். யந்திரத்தின் வலிமை கூடக் கூட, அதை நடத்தும் அறிவும் கூட வேண்டுமென்பதே அப்பாடம்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின் வைத்தியர்கள் கூட்டங் கூட்டமாகக் கடல் கடந்த நாடு எமது நாடு. இத்தகைய நாட்டு ஆட்சியாளருக்கு, ஆளுக்குப் பதில் யந்திரம் என்ற பேச்சு தேனாய் இனிக்கும். படுவான்கரையிலிருந்து ஒரு கமக்காரர் இருமலோடு வருகிறாரென்று கொள்வோம். யந்திரம் குற்றமில்லை என்கிறது. ஆறு மாதத்தின் பின் அவர் பிழையை அறிகிறார். யாரிடம் போய்க் கேட்பார்? யந்திரம் கூண்டில் ஏறுமா? விற்ற கம்பனி பதில் சொல்லுமா? நிபுணரைப் பயிற்றாத அரசாங்கம் பொறுப்பேற்குமா?

ஆதலின் நாம் கேட்பவை நான்கு. யந்திரம் வந்ததைக் காட்டி ஊடுகதிர் நிபுணர், படம் பிடிப்போர் ஆகியோரின் பயிற்சி இடங்களில் ஒன்றையேனும் குறைக்கலாகாது. எந்த யந்திரமும் எமது வைத்தியசாலைகளில் எமது மக்களின் படங்களை வைத்துச் சோதிக்கப்பட்டு, முடிவு பகிரங்கமான பின்னரே வாங்கப்பட வேண்டும். ஒவ்வொரு முடிவிலும் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் கையொப்பம் இருக்க வேண்டும். யந்திரத்தால் மிச்சமாகும் நேரம் மேலும் நூறு படங்களைத் திணிப்பதற்கன்றி, நோயாளியோடு பேசுவதற்கும் ஊழியரின் ஓய்வுக்கும் சேர வேண்டும்.

சித்திரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சித்திரமும் வேண்டும், அதைப் பார்க்கும் கண்ணும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கச் சொல்பவர் வியாபாரி. அந்த வியாபாரத்துக்கு மக்களின் பெயரால் ஒப்பமிட எவருக்கும் உரிமையில்லை.