ஸ்வாப்பைத் திட்டுகிறவர்களுக்கு

"ஸ்வாப்பா? மொதல்ல அதை ஆஃப் பண்ணுங்க." லினக்ஸ் பற்றி யாரிடம் பேசினாலும் இந்த உபதேசம் இலவசமாகக் கிடைக்கும். சொல்கிறவரிடம் 32 ஜிபி ராம் இருக்கும். என் மடிக்கணினியில் இருப்பது 4. நம்பி அணைத்தேன். ஒரு நள்ளிரவில் ராம் தீர்ந்ததும், சேமிக்காத கட்டுரையோடு சேர்த்து பிரவுசரைக் கெர்னல் கொன்றுபோட்டது. அந்தக் கட்டுரையை என்னால் திரும்ப எழுதவே முடியவில்லை.

அதன்பிறகுதான் இசட்-ஸ்வாப்பைப் படித்தேன். 2013-ல் கெர்னல் 3.11-உடன் வந்தது. டிஸ்குக்குப் போக வேண்டிய பக்கங்களைச் சுருக்கி ராமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் சுருக்கினாலும் அது அடைப்பது ராமைத்தானே?

பழைய பதிப்புகளில், அந்தச் சேமிப்பு வரம்பைத் தொடும்வரை எதுவும் வெளியேறாது. வழக்கமான வரம்பு மொத்த ராமில் 20 சதவீதம். தொட்டுவிட்டால், புதிதாக வரும் பக்கங்கள் நேராக டிஸ்குக்குப் போகும். அதாவது, காலையில் திறந்து மறந்துபோன செயலி ராமில் சொகுசாகப் படுத்திருக்கும். ஐந்து நிமிடம் முன்பு தொட்டது டிஸ்கில் கிடக்கும். முதலில் வந்தவன் ஜன்னல் சீட்டில் தூங்க, அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவன் கூரைமேல் பயணம் செய்வதுபோல. இது என்ன நியாயம்?

2024 மார்ச்சில் வந்த 6.8 இதைச் சரிசெய்தது. நினைவக நெருக்கடி தொடங்கியதுமே, வரம்பு நிரம்பக் காத்திருக்காமல், நெடுநேரம் தொடாத பக்கங்களை விரித்து டிஸ்குக்கு அனுப்பும் ஷ்ரிங்கர் சேர்ந்தது. ஆனால் அதை அணைத்தே கொடுத்தார்கள். என் கோபம் அங்கேதான்.

"எஸ்எஸ்டி தேயுமே" என்பார்கள். தேயும், மறுக்கவில்லை. ஆனால் ஷ்ரிங்கர் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவதில்லை. அனுப்பிய பக்கம் டிஸ்கிலிருந்து திரும்பி வந்தால், அதைக் கணக்கில் எடுத்து அடுத்தமுறை நிதானிக்கிறது. நன்றாகச் சுருங்கும் பக்கங்கள் என்றால், இன்னும் குறைவாகவே அனுப்புகிறது. எழுதவே கூடாது என்கிறவர்களுக்காக, சிகுரூப் வாரியாகத் தடுக்கும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டுமே!

ஓர் எழுத்தை மாற்றினால் ஷ்ரிங்கர் இயங்கும் என்று எனக்கு இப்போது தெரியும். 4 ஜிபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் எத்தனை பேருக்குத் தெரியும்? நிறைய ராம் உள்ளவருக்கு இதெல்லாம் ஒரு அமைப்புத் தேர்வு. எங்களுக்கு அது எழுதி முடிக்காத கட்டுரை.