ஓவிய வகுப்பைக் கடன் வாங்கிய கணக்கு வாத்தியார்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பேரன் ஒரு வெள்ளைப் பீங்கான் கப்பை ஜன்னலோரம் வைத்துவிட்டு, "தாத்தா, இதைப் பென்சில் ஷேடிங் பண்ணணும். நிழல் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டான். கூமாப்பட்டியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். உருளையின் கன அளவைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த உருளை மேல் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னல் பக்கம் வெளுப்பு. அங்கிருந்து மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே போகிறது. கடைசி ஓரத்தில் மறுபடி லேசாக வெளுக்கிறது. மேசையில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அங்கே விழுகிறதாம். பேரன்தான் சொன்னான். தினமும் இரண்டு வேளை காபி குடிக்கிற கப் அது!

அன்று இரவு பழைய ஞாபகம் ஒன்று உறுத்தியது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் ட்ராயிங் பீரியட் என் பீரியட் ஆகிவிடும். "சார், பாடம் முடியல, இந்த ஒரு பீரியடைக் குடுங்க" என்பேன். ட்ராயிங் சார் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுப்பார். ஒருநாளும் நான் திருப்பிக் கொடுத்ததில்லை. நீங்கள் ட்ராயிங் நோட்டைப் பைக்குள் திணித்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. உங்கள் நல்லதுக்குத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன். அது தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஒரு சின்ன போட்டோவைப் பார்த்துப் பெரிதாக முகம் வரைய வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? போட்டோ மேல் அரை அங்குலக் கட்டம், தாளில் இரண்டு அங்குலக் கட்டம். ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். இது விகிதம் இல்லாமல் வேறென்ன? நான் சாக்பீஸ் தேயத் தேய நடத்தியதை, ட்ராயிங் சார் கையாலேயே செய்ய வைத்திருப்பார். நான்தான் விடவில்லை.

இன்னொன்று. முகம் வரையச் சொன்னால் முதலில் எல்லாருமே கண்ணை நெற்றிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில் இருக்கிறது கண். நாம் நினைத்துக்கொண்டிருப்பதை வரைகிறோம், எதிரே இருப்பதை வரைவதில்லை. எச்.பி.யில் லேசாகக் கோடு போட்டு, 2பி, 4பி, 6பி என்று நிழலை ஏற்றி, மூக்கு நுனி வெளிச்சத்தை ரப்பரால் எடுக்கும்போது, ஒரு பிள்ளை நாற்பது நிமிடம் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பொறுமையை வேறெந்தப் பாடத்தில் கொடுத்தோம்?

இது நம் பக்கத்து மண்ணுக்குப் புதிதும் இல்லை. நம் வீடுகளில் தொங்கிய சாமி காலண்டர்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் எத்தனையோ படங்கள் கோவில்பட்டியில் இருந்த கொண்டைய ராஜு (1898–1976) அவர்களும் அவருடைய சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சானவை. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியில் தங்கியவர் அவர். முருகன் கன்னத்தில் அந்த உருட்சி வந்தது நிழலால்தான். நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது வேண்டாமா?

அரசைக் குறை சொல்லவும் இடம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி, நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர் வேண்டும். தமிழ்நாட்டில் 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் என்று 16,549 பேரை எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு வருடம் போராடியும் 2024-ல் அது 12,500 ரூபாய்தான். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் விழாவுக்கு முந்தைய வாரம் மட்டும் பென்சிலைக் கையில் கொடுத்தால் கை பழகாது. வாரா வாரம் வகுப்பு நடக்க வேண்டும், எடுப்பவருக்கு வயிறு நிறைய வேண்டும்.

"போட்டோவைப் போட்டால் செல்போனே பென்சில் படமாக்கித் தருதே மாமா" என்று மருமகன் ஒருவர் கேட்டார். தரும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தது செல்போன், நாம் இல்லை. 2025-ல் ரீல்ஸ் பார்த்துவிட்டு நம் ஊருக்கு வண்டி வண்டியாக ஜனம் வந்தது. மலையையும் பிளவக்கல் அணையையும் போன் வழியாகவே பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்!

உங்களில் இன்று வாத்தியார், டீச்சராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ட்ராயிங் பீரியடைக் கடன் கேட்காதீர்கள். கேட்டால், அந்த வாரமே உங்கள் பீரியட் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். பெற்றோர்களாக இருப்பவர்கள், "படம் வரைஞ்சா மார்க் வருமா" என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

நான் இப்போது பேரனோடு உட்கார்ந்து கப் வரைகிறேன். இதுவரை ஏழு. ஏழாவதுதான் கப் மாதிரி இருக்கிறது. அடுத்தது முகம். அவன் பாட்டி உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறாள், "கிழவியா வரையக் கூடாது" என்ற நிபந்தனையோடு.

என்னால் ட்ராயிங் பீரியடை இழந்த பிள்ளைகள் இந்த வாத்தியாரை மன்னியுங்கள். வாய்த்தால் ஒரு 4பி பென்சில் வாங்கி, உங்கள் அம்மாவை எதிரே உட்கார வைத்து வரைந்து பாருங்கள்.