குதிரைக்கு மினுமினுப்பு டப்பாவில் வராது

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர்கள், பெசன்ட் நகர்க் கடற்கரையில் சவாரி ஏற்றிப் பிழைப்பவர்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவாரிப் பள்ளி நடத்துபவர்கள். வசதியில் இவர்களுக்குள் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் ஒரு நம்பிக்கையில் எல்லோரும் ஒரே கட்சி: குதிரையின் ரோமம் மங்கினால் சத்துக் குறைவு, சத்துக் குறைவுக்கு டப்பா. 'ரேஸ் குதிரைக்குப் போடுவது', 'இறக்குமதிச் சரக்கு' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மறுநாளே அந்தப் பொடி கொள்ளோடு கலந்துவிடும். காசு கரைவதோடு போனால் பரவாயில்லை. இந்த நம்பிக்கை குதிரையின் உண்மையான நோவை மறைக்கிறது, சில சமயம் புது நோவையும் கொண்டுவருகிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

டப்பாவைத் திறக்குமுன் லத்தியை ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். கொள்ளு முழுசு முழுசாகக் கிடந்தால் அந்தக் குதிரையால் மெல்ல முடியவில்லை என்று அர்த்தம். குதிரையின் கடைவாய்ப் பல் ஆயுள் முழுக்க மேலெழும்பிக்கொண்டே இருக்கும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரம் கத்தியாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அதற்கு வேண்டியது அரத்தால் பல்லை ராவிவிடும் கால்நடை மருத்துவர். எவ்வளவு விலையுயர்ந்த பொடியும் அந்த வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். அதே லத்தியில் ஒரு பிடியைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் குடற்புழு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புழு இருக்கிற வயிற்றில் சத்து மாவைக் கொட்டினால் கொழுப்பது புழுதான்.

அடுத்தது நம் ஊர் வெக்கை. ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுபோகும். தோல் வறண்டு, ரோமம் சொரசொரத்து, முகத்தில் முடி கொட்டி, வேலை முடிந்தும் வெகுநேரம் மூச்சு வாங்கும். வெள்ளைக்காரர் காலத்திலேயே இங்கே கொண்டுவரப்பட்ட குதிரைகளிடம் கவனித்த கோளாறு இது. பார்ப்பவர் கண்ணுக்கு இது சத்துக் குறைவு மாதிரியே இருக்கும். நிழல், மின்விசிறி, தண்ணீர், வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பது ஆகியவைதான் முதல் வைத்தியம். நன்றாக வியர்க்கிற குதிரைக்கோ வேறு பிரச்சினை: வியர்வையோடு உப்பு ஏராளமாக வெளியேறுகிறது. சும்மா நிற்கும் 500 கிலோ குதிரைக்கே நாளுக்குச் சுமார் 25 கிராம் உப்பு வேண்டும். சென்னை வெயிலில் உழைக்கும் குதிரைக்கு இன்னும் கூடுதல். மளிகைக் கடை உப்பே போதும் என்பதால்தானோ என்னவோ, அதை யாரும் சிபாரிசு செய்வதில்லை. கடற்கரைக் குதிரைக்கு வியர்வையும் கடல்நீரும் ரோமத்திலேயே காய்ந்து வெளுத்துக் கிடக்கும். சாயங்காலம் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்தபின் தேய்த்துவிட ஆள் இல்லாத லாயத்தில் எந்தப் பொடி பளபளப்பைத் தரும்?

தீவனத்திலும் ஓட்டை உண்டு. ஆனால் அது டப்பா அடைக்கக்கூடிய ஓட்டையாக இருப்பது அபூர்வம். குதிரை அடிப்படையில் புல் தின்னி. 400 கிலோ குதிரைக்கு, ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்டால், நாளுக்கு 6 கிலோவாவது நார்த்தீவனம் வேண்டும். நாமோ புல்லைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டுகிறோம். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கு மேல். அந்தக் கணக்கைச் சரிக்கட்ட உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவுகிறது; நாளடைவில் தாடையும் முகமும் வீங்கி, கால் நொண்டும். இங்கே மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லில் இருக்கும் ஆக்சலேட்டும் கால்சியத்தைக் கட்டிப்போடுவதால், அதை மட்டுமே நம்பும் லாயத்தில் ஆபத்து இரட்டிப்பு. பெயரிலேயே குதிரையைச் சுமந்திருக்கும் குதிரை மசாலில் கால்சியம் தாராளம். கொள்ளைக் குறை சொல்லவில்லை. ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுத்தால் நல்ல புரதம். புல்லின் இடத்தில் அதை வைப்பதுதான் தப்பு.

'கொஞ்சம் சத்துதானே, கெடுதல் என்ன?' என்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் வெலிங்டனில் போலோ போட்டிக்கு வந்த 21 குதிரைகள் மளமளவென்று செத்து விழுந்தன. அவற்றுக்குப் போட்டது களைப்பு நீக்கும் சத்து ஊசி. கலவை தயாரித்த இடத்தில் செலினியத்தின் அளவு தவறியிருந்தது. ஒரு குதிரைக்கு நாளுக்கு வேண்டிய செலினியம் சுமார் 1 மில்லிகிராம். ரோமத்துக்கு ஒன்று, குளம்புக்கு ஒன்று, தெம்புக்கு ஒன்று என்று மூன்று டப்பா கலக்குபவர் மூன்றிலும் செலினியம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அது மிகையாகிச் சேர்ந்தால் பிடரியும் வாலும் கொட்டும், குளம்பு வெடிக்கும். ரோமத்துக்கு வாங்கியது ரோமத்தையே தின்னும். இன்னொரு எச்சரிக்கை: கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேர்க்கும் மோனென்சின் குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். ஒரே தீவனக் கடையில் மூட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கோழிக்கு ஆனது குதிரைக்கும் ஆகும் என்று ஆகிவிடாது.

எண்ணெய்ச் சத்து ரோமத்துக்கு மெருகு தரும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆளி விதையும் அரிசித் தவிட்டு எண்ணெயும் உலகெங்கும் ரோமப் பொடிகளில் சேரும் சரக்கு. அதை எண்ணெய்க் கடையிலேயே வாங்கிச் சிறிது சிறிதாகப் பழக்கலாம். பயோட்டினும் குளம்புக்கு உதவும், மாதக்கணக்கில் பொறுத்தால். ஒரே மாதத்தில் பலன் என்பவர் குளம்பு வளரும் வேகம் தெரியாதவர், அல்லது தெரிந்தே விற்பவர்.

வேப்பேரியில் 1903 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரம் தாண்டினால் காட்டுப்பாக்கத்தில் கால்நடை உணவியலுக்கென்றே பல்கலைக்கழக நிறுவனம் இருக்கிறது. பக்கத்து லாயக்காரர் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் அங்கே ஒரு கேள்வி கேட்கத் தயங்குவதுதான் விந்தை. பணத்தை முதலில் பல்லுக்கும் புழுவுக்கும் செலவழியுங்கள். பிறகு புல்லுக்கு, உப்புக்கு, நிழலுக்கு, தேய்த்துவிடும் ஆளின் கூலிக்கு. அத்தனையும் செய்த பிறகும் ரோமம் மங்கியே இருந்தால், எந்தச் சத்து குறைகிறது என்று மருத்துவர் பெயர் சொல்லட்டும். அந்த ஒன்றை மட்டும் வாங்குங்கள். பெயர் சொல்ல முடியாத குறைக்கு டப்பா விற்பவர் வியாபாரி. அதை வாங்கிப் போடுபவர் தன் குதிரையை வைத்துச் சோதனை நடத்துபவர்.